ஐவி ஹாதர்லியைக் காணவில்லை

ஜனவரி 9, திங்கள்

கோவிலில் கொடுத்த நாட்குறிப்பில் எட்டுப் பக்கங்கள் வெறுமையாகப் போய்விட்டன. எழுத ஒன்றும் இல்லாத நாளில் பேனாவை எடுப்பது என் வழக்கம் இல்லை. இன்று எழுத இருக்கிறது.

காலை பத்தரைக்கு ஷம்சியா என்ற பேராசிரியை வந்தார். நம் ஊர்ப் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலத் துறை. நாற்பது வயதிருக்கும். சொன்ன நேரத்துக்கு வந்தார், செருப்பை வாசலில் நேராகக் கழற்றி வைத்தார். இரண்டும் எனக்குப் பிடித்தன. "ஆன்ட்டி" என்று ஆரம்பித்தார். அது பிடிக்கவில்லை.

"மிஸஸ் கொரைரா," என்றேன்.

"சாரி, மிஸஸ் கொரைரா. உங்க இங்கிலீஷ்ல குத்தம் கண்டுபிடிக்க முடியாதுன்னு தூத்துக்குடியே சொல்லுது."

தூத்துக்குடி சொல்வது சரிதான். கான்வென்டில் பதினொரு வருடம் படித்தேன். கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டெனோவாக இருந்தேன். நான் டைப் செய்த கடிதத்தை எந்த மேனேஜரும் திருப்பி அனுப்பியதில்லை.

அவர் ஒரு கார்ப்பஸ் தயாரிக்கிறாராம். எனக்குத் தெரிந்த கார்ப்பஸ், ஜூன் மாதத்தில் நற்கருணைப் பவனி வரும் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாள் ஒன்றுதான். இது வேறு. மக்கள் உண்மையிலேயே எழுதிய ஆங்கிலத்தை லட்சக்கணக்கான வார்த்தைகளாகக் கணினியில் சேர்த்து வைப்பது. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, எந்தச் சொல்லின் பக்கத்தில் வருகிறது என்று கேட்டால் அது சொல்லும். அதற்கு எந்தப் புத்தகங்களைச் சேர்க்கிறார்கள் என்று விசாரித்தேன்.

"காதல் கதைங்க," என்றார், கொஞ்சமும் கூசாமல். ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் விற்ற மலிவு ஆங்கிலக் காதல் நாவல்கள். இங்கே இருப்பவர்கள் எழுதி, இங்கேயே அச்சிட்டவை. 1965 முதல் 1990 வரை, நூறு புத்தகங்கள்.

"குப்பை," என்றேன்.

"பெரிய எழுத்தாளர்களை எல்லாரும் சேர்த்து வச்சாச்சு, மிஸஸ் கொரைரா. ஆனா ஆபீசுக்குப் போற பொண்ணுங்க கைப்பையில வச்சு வாசிச்சது இதைத்தானே? அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எதுன்னு பாக்கணும்னா இதைத்தான் எடுக்கணும்."

பக்கங்களைப் படம்பிடித்து ஒரு மென்பொருள் எழுத்தாக மாற்றுகிறது. அது கண் தெரியாத கிழவரைப் போல வாசித்து வைக்கிறது. அச்சையும் திரையையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க ஆள் வேண்டும். பட்டியலை மேசையில் வைத்தார். நாற்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை ஐவி ஹாதர்லி. ஆறு நாவல்கள்.

"இந்த அம்மாதான் எனக்குத் தலைவலி," என்றார் ஷம்சியா. "மத்த எல்லாருக்கும் எழுதினவங்ககிட்டயோ வாரிசுகிட்டயோ அனுமதி வாங்கியாச்சு. இவங்க யாருன்னே தெரியல. மெட்ராஸ்ல அந்த அச்சகத்தை மூடி முப்பது வருசமாகுது. மே முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்து கிடைக்கலன்னா ஆறையும் வெளிய எடுத்துரணும். எடுத்துட்டா போச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பிரதிதான் கிடைச்சுது. அதையும் பூச்சி தின்னுக்கிட்டிருக்கு."

"இறந்திருப்பார்."

"இருக்கலாம்."

அந்த ஆறையும் நானே பார்க்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

ஜனவரி 12, வியாழன்

மடிக்கணினியும் ஆறு புத்தகங்களும் வந்து சேர்ந்தன. முதல் புத்தகம் ‘லவ் கம்ஸ் டு ஹார்ட்விக் எஸ்டேட்’. அட்டையில் இருக்கும் பெண்ணுக்குக் கழுத்து அளவுக்கு மீறி நீளம். அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டும். யாராவது.

ஜனவரி 13, வெள்ளி

ஒருவரே அச்சையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் திரையில் பின்தொடர்வதுதான் முறை. நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஏஜென்சியில் சரக்குப் பட்டியல்களை அப்படித்தான் சரிபார்ப்போம்.

வாசிக்க ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். ஜெர்மானா, என் கணவரின் தங்கை. இதே வீட்டின் பின்பகுதியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள். எழுபத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கோவிலில் மரியாயின் சேனை என்ற ஜெபக் குழுவுக்குத் தலைவி.

"காதல் புஸ்தகமா? நானா? கோவிலுக்குத் தெரிஞ்சா என்னாவும் மைனி?"

"கல்லூரி வேலை. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா சரி," என்று உடனே கண்ணாடியை எடுத்து வந்தாள்.

ஜனவரி 20, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் உடைந்திருந்ததால் திருப்பி அனுப்பினேன்.

ஜெர்மானாவின் குரல் இன்னும் டிரங்க் கால் குரலாகவே இருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் கொழும்பு வரைக்கும் கேட்கும். ராபர்ட் ஹார்ட்விக் முதன்முதலாக மிஸ் பெனலோபியின் கையைப் பிடிக்கும் இடம் இன்று வந்தது.

"மேற்கோள் திற. டார்லிங், கமா, உன்னை விட்டு நான் எங்கே போவேன், கேள்விக்குறி. மேற்கோள் மூடு. அவன் குரல் நடுங்கியது, ஃபுல் ஸ்டாப். புதுப் பத்தி."

பால்காரர் வாசலில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலைச் சாத்திவிட்டு வரச் சொன்னேன்.

"அடுத்து என்னாகுதுன்னு பாத்துட்டு சாத்துதேன்," என்றாள் ஜெர்மானா.

பிப்ரவரி 3, வெள்ளி

ஷம்சியா வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். ஜெர்மானா முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஷம்சியா வாசித்துக் காட்டிச் சிரித்தார். லண்டனில் கதாநாயகி மொட்டை மாடிக்குப் போய்த் தலையணை உறைகளைக் காயப்போடுகிறாள். டிசம்பர் மாதம். வெயில் சுரீரென்று அடிக்கிறது.

"இந்த அம்மா லண்டனைப் பாத்ததே இல்ல! இன்னொரு இடத்துல ஸ்காட்லாந்து பிரபு சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்து கை கழுவுறாரு."

ஜெர்மானா புரையேறும்வரை சிரித்தாள். "பிரபு வீட்டுல அண்டா வச்சிருந்தாவளோ?"

எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. எழுதியவருக்கு அப்போது இருபத்தெட்டு வயதுதான் இருந்திருக்கும். தெரிந்ததை வைத்துத்தானே எழுத முடியும்? அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முறுக்கில் உப்பு கூடுதல்.

பிப்ரவரி 17, வெள்ளி

ஷம்சியா இன்று கார்ப்பஸை இயக்கிக் காட்டினார். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் வரிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன, நடுவில் அந்தச் சொல் ஒரே கோட்டில். கான்வென்ட் அசெம்பிளி போல. பார்க்கவே நன்றாக இருந்தது.

"மத்த புத்தகங்கள்ல ஹீரோ என்ன செய்றான்னு பாருங்க. பாயறான், உறுமுறான், இழுத்து அணைக்கிறான். தொண்ணூத்து நாலு புத்தகத்துலயும் அதே கதைதான். இப்ப ஐவி ஹாதர்லியோட ஹீரோ மட்டும் எடுக்கிறேன்."

திரை நிறைந்தது. அவன் காத்திருந்தான். அவன் வாசலில் காத்திருந்தான். மழை விட்டபின்னும் அவன் காத்திருந்தான். பக்கம் பக்கமாக ஓடியது. இருநூற்றுப் பன்னிரண்டு முறை.

"ஆறு புத்தகம், ஆறு ஹீரோ, எல்லாரும் நிக்கிறாங்க," என்றார் ஷம்சியா. "இது மாதிரி வேற யாருமே எழுதல. அதனாலதான் இவங்களை விட மனசில்ல எனக்கு."

"நானும் பாத்தேன். இந்த ஆளுக்கு வேற சோலி இல்லியான்னுதான் நெனச்சேன்," என்றாள் ஜெர்மானா. பிறகு திரையை உற்றுப் பார்த்தாள். "எங்க அண்ணன் மாரி இருக்கான், மைனி."

ராபர்ட் ஹார்ட்விக் ஆறடி இரண்டு அங்குலம். சாம்பல் நிறக் கண்கள், ஆயிரத்து இருநூறு ஏக்கர் எஸ்டேட், சொந்தக் குதிரைகள். பாஸ்கல் கொரைரா ஐந்தடி நான்கு. துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தா, முப்பது வயதிலேயே வழுக்கை, ஒரு சைக்கிள். ஒற்றுமை எங்கே இருக்கிறது என்று ஜெர்மானாதான் விளக்க வேண்டும். அபத்தம்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு ஜெர்மானா வந்து நின்றாள்.

"மைனி, தவக்காலம் தொடங்கியாச்சு. ஈஸ்டர் வரைக்கும் நான் வாசிக்க மாட்டேன்."

"கறியை விடு. எல்லாரும் அதைத்தானே விடுகிறார்கள்?"

"கறி எனக்கு அவ்வளவா பிடிக்காது. பிடிச்சதைத்தான விடணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்து பின்வீட்டுக்குப் போய்விட்டாள். இனி நாற்பது நாள் நான் தனியாகத்தான் வேலை பார்க்க வேண்டும்.

மார்ச் 2, வியாழன்

தனியாக வேலை செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. திரையில் என் விரல் என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

லண்டன் மொட்டை மாடியைத் தோட்டமாக்கினேன். வெயிலை எடுத்துவிட்டேன். தலையணை உறைகள் வீட்டுக்குள் கணப்படுப்பின் முன்னால் காய்கின்றன. வாசிக்க எவ்வளவோ மேல்.

மார்ச் 3, வெள்ளி

பிரபு மேசையிலேயே துண்டால் கை துடைத்துக்கொண்டார்.

மார்ச் 9, வியாழன்

திரைச்சீலைகளைத் துவைத்தேன். இரண்டாம் புத்தகத்தில் பதினேழு இடங்களைச் சீர்செய்தேன். எழுதியவர் திறமை உள்ளவர்தான், அவசரக்காரர். யாராவது ஒரு முறை பொறுமையாகத் திருத்திக் கொடுத்திருந்தால் இவர் ரயில் கடையில் நின்றிருக்க மாட்டார்.

மார்ச் 21, செவ்வாய்

‘ஹார்ட்விக் எஸ்டேட்’ எண்பத்தெட்டாம் பக்கம். மிஸ் பெனலோபி கோபித்துக்கொண்டு உள்ளே கதவைத் தாழிடுகிறாள். ராபர்ட் வெளியே நிற்கிறான். நின்றுகொண்டே இருக்கிறான். இரண்டரைப் பக்கம். ஒரு கதாநாயகன் செய்கிற காரியமா இது?

அதை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். புயலில் குதிரையில் வருகிறான், கதவை உடைக்கிறான், அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். பசியே தெரியவில்லை.

மார்ச் 30, வியாழன்

ஆறு புத்தகங்களிலும் காத்திருப்பவர்களை முடிந்தவரை நகர்த்திவிட்டேன். அவர்கள் இப்போது நடக்கிறார்கள், உறுமுகிறார்கள், உரிய அளவுக்கு அணைக்கிறார்கள். இனி யாரும் யார் மாதிரியும் இல்லை.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

நடுச்சாமப் பூசைக்குப் போனேன். ஜெர்மானா கேக் கொடுத்தாள். வாழ்த்துக்கு முன்பே, "ஆறாவது புஸ்தகத்துல அந்தக் கேப்டன் திரும்பி வந்தானா மைனி?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் முடித்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். பாதிரியார் பிரசங்கத்தை நீட்டியபோதுகூட அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

ஷம்சியா சொல்லாமல் வந்தார். செருப்பை ஒன்று இங்கே ஒன்று அங்கே கழற்றிப் போட்டார்.

சரிபார்த்த புத்தகங்களில் நூற்றுக்கு ஒரு பக்கத்தை எடுத்து இன்னொருவர் மீண்டும் ஒப்பிடுவாராம். எனக்கு அது தெரியாது. அவர்களுக்குக் கிடைத்தது எண்பத்தெட்டாம் பக்கம்.

"அச்சுல இல்லாத ஒரு குதிரை திரையில ஓடுது, மிஸஸ் கொரைரா."

"அந்த இடம் அசட்டுத்தனமாக இருந்தது. திருத்தினேன்."

"திருத்தினீங்களா?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "ஸ்கேன்ல விழுந்த தப்பைத் திருத்தச் சொன்னேன். எழுதினவங்க எழுதினதை இல்ல. இது பரீட்சைப் பேப்பர் இல்ல. அவங்க எப்படி எழுதினாங்களோ அப்படியே வேணும். மொட்டை மாடி எங்க?"

"லண்டனில் மொட்டை மாடியில்..."

"அந்த மொட்டை மாடிக்காகத்தான் அந்தப் புத்தகத்தையே எடுத்தேன்! லண்டன்னு எழுதுறப்பவும் அவங்க கண்ணு முன்னாடி இருந்தது அவங்க வீடு. இங்கிலீஷுக்குள்ள ஒரு பொண்ணு தன்னோட ஊரை, தெருவை, வெயிலைக் கொண்டுபோய் வச்சிருக்கா. அது பிழையா? அதைத் துடைச்சு எடுத்துட்டு யாரு வேணா எழுதுற மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க."

என் ஆங்கிலத்தைப் பற்றி யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எழுபத்தாறு வயதில் இது புதிது.

மற்ற ஐந்திலும் கை வைத்தேனா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"கையெழுத்துத் தர ஆளும் இல்ல, மறுபடி ஒப்பிட நேரமும் இல்ல. விட்டுரலாம் மிஸஸ் கொரைரா. தொண்ணூத்து நாலோட முடிச்சுக்கிறேன்." மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தகங்கள் ஆறும் மேசையிலேயே இருக்கின்றன. மறந்தாரா, வேண்டாம் என்று வைத்தாரா தெரியவில்லை.

ஏப்ரல் 19, புதன்

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, சனி

புத்தகங்களை வெயிலில் வைத்தேன். பூச்சிக்காக. மொட்டை மாடியில்.

ஏப்ரல் 27, வியாழன்

பாஸ்கலின் நினைவு நாள். காலையில் பூசை, பிறகு கல்லறைக்கு. ஜெர்மானா பூ வாங்கியிருந்தாள்.

"அண்ணன் ஒங்களுக்காவ எவ்வளவு நேரம் காத்துக் கெடந்திருக்கு, மைனி," என்றாள் திரும்பி வரும் வழியில், ஆட்டோவில். "ஆபீசு வாசல்ல. தெனமும். ‘ஒங்க மைனிக்கு ஓவர்டைம்’னு சொல்லும். நாங்கூட கேலி பண்ணுவேன், கப்பல் முழுசையும் ஒங்க பொண்டாட்டிதான் ஏத்தி எறக்குதாளான்னு."

உண்மை. 1974 முதல் ஏழு வருடம், வாரத்தில் நான்கு நாள், ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணி வரை நான் அலுவலக மாடியில் டைப்ரைட்டரோடு இருந்தேன். கீழே தெருவிளக்கடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் மாலைப் பேப்பரை வாசிப்பார். செய்தி முடிந்ததும் விளம்பரம், விளம்பரம் முடிந்ததும் டெண்டர் நோட்டீஸ். ஜன்னல் வழியாக அவருடைய வழுக்கை தெரியும். ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன்.

ஏஜென்சிச் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் என்ற வரியே கிடையாது. அந்தச் சீட்டை ஒவ்வொரு மாதமும் அவர் கையில்தான் கொடுத்தேன். சுங்க இலாகாவில் முப்பது வருடம் காகிதம் வாசித்த மனிதர். ஒரு நாளும் கேட்கவில்லை.

மீன்காரி கூடையில் சீலா கொண்டுவந்தாள். நல்ல மீன். வாங்கவில்லை.

மே 4, வியாழன்

எனக்கு நானே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காதல் கதை என்பதைப் பற்றி யாருக்கும் வெட்கம் இல்லை. நன்றாக யோசித்தேன், அது இல்லை. மதர் சுப்பீரியர் முன்னால் என் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. தூத்துக்குடியில் எர்னஸ்டின் கொரைராவின் ஆங்கிலத்தில் குற்றம் இல்லை என்கிறார்கள். மொட்டை மாடியும் கை கழுவும் பிரபுவும் இரண்டரைப் பக்கம் சும்மா நிற்கிற மனிதனும் உலகம் முழுக்கப் பார்க்கும் ஓர் இடத்தில், திருத்தாமல், என் பெயரோடு

இங்கே நிறுத்துகிறேன்.

மே 12, வெள்ளி

புத்தகங்களைத் திரும்ப வாசித்தேன், ஆறையும், கையில் பேனா இல்லாமல். எண்பத்தெட்டாம் பக்கத்தை மூன்று முறை.

குதிரை வேண்டாம்.

மே 15, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். பஸ்சில். படிகள் அதிகம், கைப்பிடி ஆடுகிறது, முதல்வரிடம் சொல்ல வேண்டும்.

ஷம்சியாவின் மேசை மேல் ஒரு கடிதத்தை வைத்தேன். டைப் செய்தது, இரண்டே வரி. வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப, ஜனவரியிலேயே இது தெரியும்?"

"ஜனவரியிலேயே."

"‘இறந்திருப்பார்’னு சொன்னீங்களே!"

"நீங்களும் ‘இருக்கலாம்’ என்றீர்கள்."

சிரிப்பார் என்று நினைத்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நம்புறேன். ஆனா கார்ப்பஸ் கமிட்டி நம்பாது. காண்ட்ராக்ட் இருக்கா? கையெழுத்துப் பிரதி? அச்சகத்துக் கடிதம் ஏதாவது?"

எல்லாவற்றையும் 1981இல் எரித்துவிட்டேன். நான்தான் ஐவி ஹாதர்லி என்று நாளைக்கு நாலு பேர் வந்து நிற்கலாமே என்றார். நியாயம்தான். ஆதாரம் இல்லாமல் நானும் ஒரு பில்லைக்கூடப் பாஸ் செய்ததில்லை. எழுந்துகொண்டேன்.

"உக்காருங்க, மிஸஸ் கொரைரா," என்றார் திடீரென்று. "நீங்க கெடுத்து வச்சதெல்லாம் என்கிட்டத்தானே இருக்கு?"

நான் மார்ச் மாதம் எழுதிச் சேர்த்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்தார். நாலாயிரம் வார்த்தை. இதை எழுதியது யார் என்று கார்ப்பஸிடம் கேட்கப் போகிறேன் என்றார். அது கதையைப் பார்க்காதாம். எல்லாரும் எழுதும் சின்னச் சின்னச் சொற்களை யார் எவ்வளவு, எந்த வரிசையில் போடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்குமாம். அது மனிதருக்குத் தெரியாத பழக்கம், மாற்றிக்கொள்ள முடியாதது. நடை மாதிரி.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினேன்.

அறுபத்தொரு எழுத்தாளர்கள் பெயரோடு பட்டியல் வந்தது. முதல் இடத்தில் ஐவி ஹாதர்லி. இரண்டாம் இடம் வெகு தூரத்தில்.

"நாப்பத்திரண்டு வருசம் கழிச்சும் அதே ஆளு," என்றார் ஷம்சியா மெதுவாக. பிறகு திரையில் எதையோ வாசித்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன?"

"கதவை உடைக்கிறான். சரி. தூக்கிட்டுப் போறான், சரி. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க என்ன எழுதியிருக்கீங்க? கேட் பக்கத்துல குதிரையைப் பிடிச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் நிக்கிறான், மிஸஸ் கொரைரா!"

"மழை பெய்துகொண்டிருந்தது," என்றேன்.

அப்போது அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். கண்ணாடியைத் துடைக்க வேண்டி வந்தது.

மே 17, புதன்

கமிட்டிக்கு அந்தப் பட்டியலே போதுமாம். மடிக்கணினி திரும்ப வந்தது. பதினான்கு நாளில் ஆறு புத்தகங்களையும் அச்சில் உள்ளபடியே திரும்ப வைக்க வேண்டும்.

ஜெர்மானாவைக் கூப்பிட்டேன். "மறுபடியும் முதல்லேருந்தா? ஏன்?" என்றாள். நான் சில தவறுகள் செய்துவிட்டேன் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்த வார்த்தைய ஒங்க வாயால கேக்க நான் உசுரோட இருந்தேனே, மாதாவே!"

மே 23, செவ்வாய்

வெயிலைத் திரும்ப வைத்தேன். டிசம்பர் மாத லண்டனில், சுரீரென்று.

மே 29, திங்கள்

எண்பத்தெட்டாம் பக்கத்தை ஜெர்மானா இன்று வாசித்தாள். இரண்டரைப் பக்கத்தில் ஒரு கமாவை விடவில்லை. முடித்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருந்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

மே 31, புதன்

கடைசி நாள். ஷம்சியா அனுமதிப் படிவத்தை அனுப்பியிருந்தார். வாரிசுகளுக்காகத் தயாரித்த படிவம். இருபத்திரண்டு கட்டங்கள். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை.

நூலாசிரியரின் பெயர்: ஐவி ஹாதர்லி. அனுமதி தருபவரின் பெயர்: திருமதி எர்னஸ்டின் கொரைரா. அதற்குக் கீழே, ‘நூலாசிரியருக்கும் தங்களுக்கும் உள்ள உறவு’.

பேனாவை மூடித் திறந்தேன். ‘நானே’ என்று எழுதினேன்.

அடுத்தது சாட்சிக் கையெழுத்து. அனுமதி தருபவரைக் குறைந்தது பத்து வருடம் அறிந்தவராக இருக்க வேண்டும். என்னை அப்படி அறிந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒருத்திதான். படிவத்தைப் பின்வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டவள், எக்ஸ்சேஞ்சுப் பழக்கம், மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அந்த வார்த்தையில் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். அரிவாள்மணையைப் பார்த்தாள். மீண்டும் என்னைப் பார்த்தாள். கோவில், மரியாயின் சேனை, ஊர், அண்ணன், எல்லாவற்றையும் இப்போது சொல்லுவாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

"ஆறு புஸ்தகம், மைனி."

"ஆமாம்."

"ஆறுலயும் ஹீரோவுக்கு ஒரு தங்கச்சி."

நான் பயற்றங்காய்க் கூடையை நேராக நகர்த்தி வைத்தேன்.

"ஒருத்தி கடல்ல விழுந்து செத்தா. ஒருத்தியைக் குதிரை மிதிச்சுது. ரெண்டு பேருக்கு டைஃபாய்டு. ஒருத்தி மேல அலமாரி சாஞ்சுது. கடைசிப் புஸ்தகத்துல கேக்கைத் தின்னு விக்கியே செத்தா. ஒருத்திக்காவது நல்ல சாவு உண்டா? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"அதெல்லாம் கதைக்குத் தேவைப்பட்டது," என்றேன்.

"அலமாரியுமா?"

அவள்தான் முதலில் சிரித்தாள். டிரங்க் கால் சிரிப்பு, தெருமுனை வரை போயிருக்கும். இரண்டு பேரும் பயற்றங்காய்க் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவைக் காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்தாள்.

"போடுதேன். ஆனா ஏழாவது ஒண்ணு எழுதணும். அதுல அவ சாவக் கூடாது. கல்யாணமும் ஆவணும்."

"மாப்பிள்ளை?"

பயற்றங்காய் ஒன்றை ஒடித்தாள். "ஆறடியெல்லாம் வேண்டாம். நல்லாப் பேசுத ஆளா இருந்தா சரி."

"எந்த ஊரில் நடக்க வேண்டும்? லண்டனா?"

"லண்டன் என்னத்துக்கு மைனி, இங்கயே நடக்கட்டும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தை நாலரை மணிக்கு நானே கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும் வழியில் ஒரு ரீம் வெள்ளைத்தாள் வாங்கினேன்.